ஏப்ரல் தொடக்கத்தில் வினிபெக்: பெற்றோருக்கு ஆற்றைக் காட்ட ஏற்ற காலமா?

கேள்வி (மிசிசாகாவிலிருந்து ஒரு வாசகி)

வணக்கம். தஞ்சாவூரிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருக்கும் என் பெற்றோர் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஊர் திரும்புகிறார்கள். அதற்குள், மனிடோபா பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் தம்பியை அவர்கள் பார்த்துவிட வேண்டும் என்பதால், ஏப்ரல் முதல் இரண்டு வாரங்களுக்குள் நான்கு நாட்கள் கனடாவின் மனிடோபா மாகாணத் தலைநகரான வினிபெக்கில் தங்க எண்ணியிருக்கிறோம். விசாரித்த இடத்திலெல்லாம் எங்களுக்குக் கிடைத்த பதில், அந்த நகரத்துக்குக் கோடையில் போங்கள் என்பதுதான். பனி பாதி கரைந்து சேறாகக் கிடக்கும், மரங்களில் ஓர் இலைகூட இருக்காது, ஆற்றங்கரை நடைபாதையை அடைத்திருப்பார்கள், வெள்ளம் வரும் பருவமும் அதுவே என்று ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்கிறார்கள். கோடைவரை காத்திருக்க எங்களுக்கு வழியில்லை.

அப்பா பொதுப்பணித்துறையில் பாசனப் பணிகளைப் பார்த்து ஓய்வு பெற்றவர். ரெட் ஆறும் அசினிபோயின் ஆறும் கூடுகிற இடத்தில் அமைந்த ஊர் என்று தம்பி சொன்னதிலிருந்து, வேறெதையும் காட்டாவிட்டாலும் பரவாயில்லை, அந்த ஆறுகளைக் காட்டுங்கள் என்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. தரை வழுக்கும் என்றால் வாசலைத் தாண்டவே அஞ்சுவார். இருவரும் சைவ உணவு மட்டுமே உண்பவர்கள். அந்த வாரங்களில் ஆறு உறைந்திருக்குமா, ஓடிக்கொண்டிருக்குமா? அதை எங்கிருந்து பாதுகாப்பாகப் பார்க்கலாம்? வெள்ளம் என்று சொல்லப்படுவது நகருக்குள் தங்குபவர்களுக்கு ஆபத்தானதா? அம்மாவை எங்கே அழைத்துச் செல்லலாம்? அங்கே வசிப்பவர்களும் அந்தப் பருவத்தில் போய்வந்தவர்களும் சொல்வது எங்களுக்கு மிகவும் உதவும்.

மறுமொழி (செயின்ட் வைட்டல் பகுதியில் வசிப்பவர்)

வணக்கம் சகோதரி. உங்கள் அப்பா பார்க்க விரும்புவது ஆறுகளைத்தான் என்றால், ஆண்டின் வேறெந்த மாதத்தையும்விட ஏப்ரலையே நான் பரிந்துரைப்பேன். கோடையில் ரெட் ஆறு பழுப்பு நிறத்தில், ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாத வேகத்தில் கிடக்கும். நகருக்கு வடக்கே லாக்போர்ட்டில் 1910இல் கட்டப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் அணை, படகுப் போக்குவரத்துக்காகக் கோடை முழுவதும் நீரை ஏறத்தாழ ஒரே மட்டத்தில் வைத்திருக்கிறது. குளிர்காலத்துக்கு முன் அந்தத் தடுப்பை நீக்கிவிடுவார்கள் என்பதால், பனி உடைகிற நாட்களில் ஆறு தன் போக்கில் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம்.

உறைந்திருக்குமா, ஓடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் வரும் வாரத்தில் இரண்டில் எதுவும் இருக்கலாம், ஒரே பயணத்தில் இரண்டையும் பார்க்கவும் கூடும். பெரும்பாலான ஆண்டுகளில் ஏப்ரல் முதல் பாதியில் நகருக்குள் பனிக்கட்டி நகரத் தொடங்குகிறது. முதலில் மேற்பரப்பு சாம்பல் நிறமாகக் கறுக்கும். கரையோரமாக ஒரு நீர்க்கோடு தோன்றும். பிறகு ஒரு நாள் நடு ஆற்றில் விரிசல் விட்டு, வீட்டுக்கூடத்தின் அளவுள்ள பனிப்பாளங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியபடி பாலத் தூண்களில் மோதிக்கொண்டு வடக்கு நோக்கிப் போகும். அமைதியாக உருகியே போய்விடும் ஆண்டுகளும் உண்டு. எப்படியானாலும், உறைந்த ஆற்றின்மேல் யாரும் இறங்கக் கூடாது என்பதை வீட்டில் அனைவரிடமும் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். சனவரியில் மக்கள் சறுக்கி விளையாடிய அதே பனிப்பாதை ஏப்ரலில் உள்ளுக்குள் உளுத்துப் போயிருக்கும்.

இரு ஆறுகளும் கூடும் இடத்துக்குத் தி ஃபோர்க்ஸ் என்று பெயர். அந்த முனையில் மனிதர் கூடி வாழ்ந்ததற்கு 6,000 ஆண்டுப் பழமையான தொல்லியல் சான்றுகள் கிடைத்திருக்கின்றன. தொல்குடிகள், கம்பளித்தோல் வணிகர்கள், அவ்விரு தரப்பின் கலப்பில் தோன்றிய மெட்டீ மக்கள், பின்னர் இரயில்வே என்று ஒவ்வொரு காலமும் அதே முனையைத்தான் பற்றிக்கொண்டது. இப்போது பழைய குதிரை லாயங்களை இணைத்துக் கட்டிய அங்காடி அங்கே இருக்கிறது. நீரை ஒட்டிய தாழ்வான நடைபாதை ஏப்ரலில் மூழ்கியோ அடைக்கப்பட்டோ இருக்கும் என்று உங்களுக்குச் சொன்னவர்கள் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதற்கு மேலே உள்ள கரையிலிருந்து கூடுமுனை முழுவதையும் பார்க்கலாம். படிகள் நீருக்குள் இறங்கி மறைவதையும், விளக்குக் கம்பங்கள் ஆற்றுக்குள்ளிருந்து எழுந்து நிற்பதையும் பார்த்தால், கோடையில் வருபவர்களுக்குப் புரியாத ஒன்று உங்கள் அப்பாவுக்கு உடனே புரியும். இந்த ஊர் ஒவ்வோர் ஆண்டும் ஆற்றுக்கு இடம்விட்டு ஒதுங்கும் ஊர்.

அங்கிருந்து எஸ்பிளனேட் ரியெல் என்ற நடைப்பாலம் ரெட் ஆற்றைக் கடந்து செயின்ட் போனிஃபேஸுக்குச் செல்கிறது. நடப்பவர்களுக்கு மட்டுமேயான, கம்பிவடங்களால் தாங்கப்படும் பாலம் அது. நேர் கீழே பனிப்பாளங்கள் போவதைப் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. காற்று மட்டும் கடுமையாக அடிக்கும். மறுகரையில் செயின்ட் போனிஃபேஸ் பேராலயத்தின் முகப்பு நிற்கிறது. 1908இல் கட்டப்பட்ட அந்தக் கோயில் 1968இல் தீக்கிரையானபோது எஞ்சியது அந்தக் கற்சுவர்கள்தான். பின்னால் சிறியதாக ஒரு புதிய ஆலயத்தைக் கட்டிக்கொண்டு, முகப்பை அப்படியே விட்டுவிட்டார்கள். அதன் முற்றத்தில், மெட்டீ மக்களின் தலைவராக நின்று மனிடோபா மாகாணம் உருவாகக் காரணமானவரும், 1885 நவம்பரில் ரெஜைனாவில் தூக்கிலிடப்பட்டவருமான லூயி ரியெலின் கல்லறை இருக்கிறது. அதற்கருகில் கன்னியாஸ்திரீகளின் பழைய மடம், 1840களின் இறுதியில் கருவாலி மரத்தால் எழுப்பப்பட்டது, அருங்காட்சியகமாக இருக்கிறது. அம்மா பாலத்தின்மேல் நடக்க வேண்டாம். காரிலேயே அக்கரைக்குப் போய் இறங்கிக்கொள்ளலாம்.

நகரம் அழகாக இருக்குமா என்று கேட்டால், அந்த வாரங்களில் இருக்காது என்றுதான் சொல்ல வேண்டும். கடுங்குளிரில் உப்பு வேலை செய்யாது என்பதால் இங்கே குளிர்காலம் முழுவதும் தெருக்களில் மணலைத் தூவுகிறார்கள். பனி கரைந்ததும் அந்த மணலெல்லாம் வெளியே வந்து, கூட்டும் வண்டிகள் வந்து எடுக்கும்வரை காற்றில் புழுதியாகப் பறக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் முகக்கவசம் எடுத்துவாருங்கள்.

மறுமொழி (நீர்வளப் பொறியாளர், முன்பு மனிடோபாவில் பணியாற்றியவர்)

வெள்ளம் பற்றிய கேள்விக்கு நான் விடையளிக்கிறேன். உங்கள் அப்பா இத்துறையைச் சேர்ந்தவர் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ரெட் ஆறு அமெரிக்காவில் வட டகோட்டாவுக்கும் மினசோட்டாவுக்கும் இடையில் தொடங்கித் தெற்கிலிருந்து வடக்காக ஓடி வினிபெக் ஏரியில் கலக்கிறது. வசந்தம் தெற்கில் முதலில் வருகிறது. ஆகவே மேல்நிலப் பரப்பில் பனி உருகி நீர் திரண்டு வரும்போது, கீழ்ப்பகுதி இன்னும் உறைந்தே இருக்கிறது. வினிபெக் ஏரியின் பனி மே மாதம்வரைகூட நீங்குவதில்லை. உடைந்து வரும் பாளங்கள் உடையாத பனியில் போய் முட்டி நின்றால், அதன் பின்னால் நீர் ஏறுகிறது. இதைக் குறைக்கவே, நகருக்கு வடக்கே செல்கிர்க் பகுதியில் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஆம்ஃபிபெக்ஸ் என்ற நீர்நில எந்திரங்களைக் கொண்டு பனியை வெட்டி உடைக்கிறார்கள். இரண்டாவது காரணம் நிலம். இந்தப் பள்ளத்தாக்கு, பனியூழியின் முடிவில் இருந்த அகாசி என்னும் மாபெரும் ஏரியின் அடித்தரை. மிகமிகச் சமதளமான களிமண் நிலம் என்பதால், கரையைத் தாண்டிய நீர் கிலோமீட்டர் கணக்கில் பரவுகிறது, எளிதில் வடிவதுமில்லை.

1950ஆம் ஆண்டு வெள்ளத்தில் நகரிலிருந்து ஏறத்தாழ 1,00,000 பேர் வெளியேறினார்கள். அதன் பிறகு மாகாண முதல்வரான டஃப் ராப்ளின், பலத்த எதிர்ப்புக்கிடையில், நகரின் கிழக்கே ஒரு மாற்றுக்கால்வாயை வெட்ட முடிவெடுத்தார். 1962 முதல் 1968 வரை வெட்டப்பட்ட 47 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த வடிகால்தான் ரெட் ஆற்று ஃப்ளட்வே. நம்முடைய முக்கொம்பில் காவிரியின் மிகைநீரைக் கொள்ளிடம் வாங்கிக்கொள்வதை உங்கள் அப்பா நன்கு அறிவார். ஏறக்குறைய அதே பணியை இது செய்கிறது. கொள்ளிடம் தனியாகக் கடலுக்குப் போகிறது, இது நகரைச் சுற்றிச்சென்று லாக்போர்ட்டுக்கருகில் மீண்டும் அதே ஆற்றில் சேர்கிறது என்பது வேறுபாடு. இன்னொன்றும் அவருக்குச் சுவையாக இருக்கும். கால்வாயின் வாயில் மதகு கிடையாது. மதகு இருப்பது ஆற்றில்தான். சாதாரண நாட்களில் ஆற்றின் அடியில் படுத்திருக்கும் இரண்டு பெரும் இரும்புக் கதவுகளை வெள்ளக் காலத்தில் மேலே உயர்த்துகிறார்கள். தடைபட்ட நீர் மட்டம் ஏறி, கால்வாயின் வாயிலுள்ள மண்மேட்டைத் தாண்டித் தானாகவே அதற்குள் இறங்குகிறது. ஆற்றில் பனி அடைத்துக்கொண்டிருக்கும்போது இயன்றவரை கதவை உயர்த்துவதில்லை. பாளங்கள் வாயிலில் சிக்கிவிடும் என்பதே காரணம்.

இதன் பயனை இரண்டு எண்களில் பார்க்கலாம். நகரில் நீர்மட்டத்தை ஜேம்ஸ் அவென்யூவில் உள்ள அளவுகோலைக் கொண்டு அடியில் சொல்வார்கள். 1950இல் அது 30.3 அடிவரை ஏறியது. அதைவிட மிகுதியான நீர் வந்த 1997ஆம் ஆண்டு வெள்ளத்தில், நகருக்குள் 24.5 அடியோடு நின்றது. அந்த ஆண்டு எல்லைக்குத் தெற்கே கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரம் மூழ்கியது. வினிபெக்கின் பெரும்பகுதி தப்பியது. அதன் பிறகும் அமைதியடையாமல் கால்வாயை அகலப்படுத்தி, நொடிக்கு 1,700 கனமீட்டராக இருந்த அதன் கொள்ளளவை 4,000 கனமீட்டராக உயர்த்தியிருக்கிறார்கள். 700 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தைத் தாங்கும்படி அது கணக்கிடப்பட்டிருக்கிறது. அசினிபோயின் ஆற்றுக்கும், நகருக்கு மேற்கே போர்டேஜ் லா பிரேரியில் தொடங்கி மனிடோபா ஏரிக்கு நீரைத் திருப்பும் ஒரு கால்வாய் 1970இலிருந்து இருக்கிறது.

ஆகவே நகருக்குள் விடுதியில் தங்குபவர்கள் வெள்ளத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. தி ஃபோர்க்ஸின் தாழ்வான நடைபாதை ஏறத்தாழ 8.5 அடி மட்டத்தில் இருப்பதால், சாதாரண ஆண்டிலும் மூழ்கிவிடும். அது ஆபத்தின் அறிகுறியன்று. உண்மையான துன்பம் நகருக்குத் தெற்கே, பாதுகாப்புக்கு வெளியே உள்ள பண்ணைகளுக்கும் சிற்றூர்களுக்கும்தான். அங்கே ஊரைச் சுற்றிலும் வட்டமாக மண்கரை எழுப்பியிருக்கிறார்கள். பெரிய வெள்ளத்தில் அமெரிக்க எல்லைக்குச் செல்லும் 75ஆம் எண் நெடுஞ்சாலை அடைபட்டுவிடும் என்பதால், அந்தப் பக்கம் காரில் போவதானால் மாகாண அரசின் சாலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அந்தக் கதவுகள் இருக்கும் இடம் செயின்ட் நார்பர்ட் அருகில். உங்கள் தம்பி படிக்கும் பல்கலைக்கழகம் ரெட் ஆற்றின் ஒரு வளைவுக்குள் அமைந்திருக்கிறது. அங்கிருந்து காரில் சிறிது தொலைவுதான். கால்வாயை வெட்டிய டஃப் ராப்ளினின் பெயரிலேயே ஒரு சிறிய மாகாணப் பூங்கா கதவுகளுக்கருகில் இருக்கிறது. அப்பாவை அங்கே அழைத்துச்சென்று, மறுநாள் வடக்கே லாக்போர்ட்டுக்கும் கூட்டிப்போனால், கால்வாயின் தொடக்கத்தையும் முடிவையும் அவர் பார்த்துவிடுவார்.

மறுமொழி (வயதான பெற்றோருடன் வசிக்கும் வாசகி)

உடை பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் சொல்கிறேன். ஏப்ரலில் பகலில் 10 பாகையை ஒட்டி வெப்பம் ஏறும் நாட்கள் இருந்தாலும், இரவில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். பகலில் உருகிய நீர் இரவில் நடைபாதையில் கண்ணுக்குத் தெரியாத படலமாக உறைகிறது. காலை 10 மணிக்கு முன் அம்மாவை வெளியே அழைத்துச் செல்லாதீர்கள். காலணியின் அடியில் மாட்டிக்கொள்ளும் முள்பட்டைகள் மருந்துக்கடைகளிலேயே கிடைக்கும். அவற்றை மாட்டிப் பழக்கிவிட்டால் அவருடைய அச்சம் பாதி குறையும். கட்டடத்துக்குள் நுழைந்ததும் கழற்றிவிட வேண்டும், பளிங்குத் தரையில் அவையே வழுக்கும். காலணி நீர் புகாததாக இருப்பது தடிப்பாக இருப்பதைவிட முக்கியம். ஒரே பருத்த கோட்டுக்குப் பதிலாக, மெல்லிய கம்பளி உடைகளை அடுக்காக அணிந்து, மேலே காற்றைத் தடுக்கும் ஒன்றைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பனிப்புயலையும் எதிர்பார்த்தே வாருங்கள். 1997 வெள்ளத்துக்குச் சற்று முன்பு, ஏப்ரல் முதல் வாரத்தில்தான், ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் பனி கொட்டியது.

மறுமொழி (பிராண்டன் நகரிலிருந்து)

மேலே எழுதியவர்களின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் முழுப் பயணத்தையும் ஆற்றை நம்பி அமைப்பது சரியல்ல என்பது என் கருத்து. நான்கு நாளும் மேகம் மூடி, பனி அசையாமலே கிடக்கவும் கூடும். அப்போது முழங்கால் வலியோடு ஒருவர் காற்றில் நிற்பது துன்பம்தான். நாட்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இருந்திருந்தால், ஏப்ரல் கடைசி வாரத்தையோ மே தொடக்கத்தையோ சொல்லியிருப்பேன். நகருக்கு வடக்கே நார்சிஸ் என்ற இடத்தில், சுண்ணாம்புப் பாறைக் குழிகளுக்குள் குளிர்காலத்தைக் கழித்த பல்லாயிரக்கணக்கான செவ்வரிக் கார்ட்டர் பாம்புகள் அப்போதுதான் இணைசேர வெளியே வருகின்றன. மனிதருக்குத் தீங்கு செய்யாத அந்தப் பாம்புகள் நெடுஞ்சாலையில் நசுங்காமலிருக்கச் சாலைக்கு அடியில் சுரங்க வழிகள்கூட அமைத்திருக்கிறார்கள். உங்கள் நாட்களில் அது வாய்க்காது. லாக்போர்ட்டில் வெள்ளைக் கூழைக்கடாக்கள் வந்திறங்குவது ஏப்ரல் நடுவில். பயணத்தின் கடைசி நாளை அதற்கு வைத்தால் பார்க்க வாய்ப்பு உண்டு. கனடா வாத்துகள் மட்டும் மார்ச் இறுதியிலேயே கூட்டங்கூட்டமாக வந்துவிடும்.

அம்மாவுக்காகச் சொல்வதானால், தி ஃபோர்க்ஸை ஒட்டியே 2014இல் திறக்கப்பட்ட மனித உரிமைகளுக்கான கனடிய அருங்காட்சியகம் இருக்கிறது. பத்து டாலர் தாளின் பின்புறம் அச்சிடப்பட்டிருக்கும் கட்டடம் அதுதான். ஒளி ஊடுருவும் அலபாஸ்டர் கல் பதித்த சரிவுப்பாதைகள் தளத்துக்குத் தளம் மேலே செல்கின்றன; முழங்காலுக்கு இயலாவிட்டால் மின்தூக்கி உண்டு. தொல்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகளைப் பற்றிய பகுதி மனத்தைக் கனக்கச் செய்யும்; அதை ஒரு முற்பகலுக்குள் முடிக்க எண்ணாதீர்கள். மனிடோபா அருங்காட்சியகத்தில் 1668இல் ஹட்சன் விரிகுடாவுக்கு வந்த நான்சச் கப்பலின் முழு அளவுப் பிரதி நிறுத்தப்பட்டிருக்கிறது. அசினிபோயின் பூங்காவில் 2022 டிசம்பரில் திறந்த தி லீஃப் என்ற கண்ணாடித் தாவர இல்லத்துக்குள் வெப்பமண்டலச் செடிகளும் ஈரக்காற்றும் இருப்பதால், அம்மா கோட்டைக் கழற்றிவிட்டு உட்காரலாம். சட்டமன்றக் கட்டடம் டிண்டல் என்ற சுண்ணாம்புக் கல்லால் ஆனது. ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலுயிர்களின் புதைபடிவங்கள் அதன் சுவர்களில் கண்ணுக்குத் தெரியும்படி பதிந்திருக்கின்றன.

உணவுக்குக் கவலை வேண்டாம், இந்திய உணவகங்கள் ஏராளம். உக்ரைனியக் குடியேறிகள் கொண்டுவந்த பெரோகி என்ற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையை ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள். பன்றியிறைச்சித் துண்டுகளைத் தூவித் தருவது வழக்கம் என்பதால், அது வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மறுமொழிகளை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆற்றின் அடியில் படுத்திருக்கும் கதவுகளைப் பற்றிக் கேட்டதும், மண்மேட்டின் உயரம் என்ன, கதவை உயர்த்தினால் மேற்புறத்து ஊர்களில் நீர் ஏறாதா என்று கேட்கத் தொடங்கிவிட்டார். பயணத்தை இரண்டாம் வாரத்துக்குத் தள்ளிவைத்துவிட்டோம். அப்பாவும் தம்பியும் செயின்ட் நார்பர்ட்டுக்குப் போகும் நாளில் நானும் அம்மாவும் தி லீஃபில் இருப்போம். லாக்போர்ட்டுக்குக் கடைசி நாளில் அனைவரும் போகிறோம். அப்பாவின் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பொறியாளர் ஐயா விடை சொன்னால் மகிழ்வேன்.

மறுமொழி (நீர்வளப் பொறியாளர்)

மிகச் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். கால்வாயே இல்லாத இயற்கை நிலையில் அந்த வெள்ளத்துக்கு நீர் எவ்வளவு ஏறியிருக்குமோ, அந்த மட்டத்துக்கு மேல் மேற்புறத்தில் ஏறவிடாமல் கதவை இயக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. 1997 போன்ற மிகப்பெரிய வெள்ளத்தில் நகரைக் காக்க அந்த மட்டத்தைத் தாண்ட நேர்ந்தது, தெற்கே இருந்தவர்களின் வீடுகளுக்குள் கூடுதலாக நீர் புகுந்தது. அப்படிச் செயற்கையாக ஏற்றிய நீரால் இழப்பு அடைந்தவர்களுக்கு ஈடு வழங்க வேண்டும் என்று மாகாணம் பின்னர் சட்டம் இயற்றியது. தெற்கு ஊர்க்காரர்களின் மனக்குறை இன்னும் முழுதாகத் தீரவில்லை. செயின்ட் நார்பர்ட்டில் நிற்கும்போது மேற்புறம், கீழ்ப்புறம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கதவு உயர்ந்திருக்கும் நாளாக இருந்தால், இருபுறத்து நீர்மட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவரே கண்ணால் அளந்துவிடுவார்.